சிப்பிமேட்டில் சொன்ன பொய்

எனக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் தெருவில் அப்போது இங்கிலீஷ் பேசத் தெரிந்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டாள். மிஞ்சியவள் நான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகவும் ஆகியிருந்தேன். இருபத்திமூன்று வயது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அரிசிக்கு இன்னும் ரேஷன்தான்.

தூத்துக்குடிக்கு வடக்கே, ஊர் முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில், கடலை ஒட்டி ஒரு மேடு இருந்தது. சிப்பிமேடு என்போம். முத்துக்குளிப்பு நடக்கும் வருஷங்களில் அங்கே ஆயிரக்கணக்கான பேர் ஓலைக்கொட்டகை போட்டுத் தங்குவார்கள். கடலிலிருந்து அள்ளி வந்த சிப்பியை அழுகவிட்டு, அலசி, முத்தை எடுத்துக்கொண்டு, வெறும் ஓடுகளை அங்கேயே கொட்டிவிடுவார்கள். எத்தனையோ தலைமுறையாக அப்படிக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு அது. உச்சியில் சிப்பியை எண்ணிப் பங்கு பிரிப்பதற்காகப் பவளப்பாறைக் கல்லால் கட்டிய பெரிய மேடை. கிழக்குச் சரிவில் கல்லறைகள். முத்துக்குளிக்க வந்த இடத்தில் செத்துப்போனவர்களை அங்கேயே புதைத்திருந்தார்கள். சிலுவை வெட்டிய கற்களும் உண்டு, தலைமாட்டில் வெறும் கல் மட்டும் நட்ட முஸ்லிம்களின் கபர்களும் உண்டு. மூச்சு முட்டிச் செத்தவனும் காலராவில் செத்தவனும் வேதம் பார்க்காமல் அடுத்தடுத்துக் கிடந்தார்கள்.

இப்படிச் சொன்னால் நாங்கள் எல்லாரும் கைகூப்பி நின்ற இடம் போலத் தோன்றும். அப்படி இல்லை. எங்கள் ஜனங்கள் காலையில் வெளிக்குப் போனது அந்த மேட்டின் மறைவில்தான். கல்லறைக் கற்களில் வலையைக் காயப் போட்டார்கள். மேடையில் சீட்டாடினார்கள். அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கண் கலங்குகிற பெரிய மனுஷர் ஒருவர், தன் வீட்டுப் படிக்கட்டுக்கு அங்கிருந்துதான் கல் பெயர்த்துக்கொண்டு போனார். கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கம்பெனி உப்பும் நிலக்கரியும் ஏற்றி இறக்க ஒரு ஜெட்டியும் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளும் கட்டுவதற்காக மேட்டையும் சுற்றியிருந்த நிலத்தையும் சர்க்காரிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தது. மேட்டைக் கரைத்தால் நிலமும் சமமாகும், சிப்பியைக் காளவாசலில் சுட்டால் சுண்ணாம்பும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

எதிர்த்து மனு கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கருவாடு விற்ற ஒரு விதவை. நான் அவளை மாமி என்று கூப்பிடுவேன். அவள் புருஷன் முத்துக்குளிப்பவர். கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் காலரா கண்டு செத்து, அந்தச் சரிவிலேயே புதைக்கப்பட்டார். இன்னொருவர் காயல்பட்டணத்து வியாபாரி. கொழும்பில் கடை வைத்திருந்தார். அவருடைய பாட்டனார் கபர் அங்கே இருந்தது. அண்ணன் என்ற முறையில் காக்கா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சிங்களம் பேசுவார், அரபி ஓதுவார், இங்கிலீஷ் வராது. பழைய கல்வெட்டு, கோட்டை, கோவில்களைப் பாதுகாக்கிற சர்க்கார் இலாகா ஒன்று சென்னையில் இருக்கிறது, அதற்கு எழுதினால் மேட்டைக் காப்பாற்றலாம் என்று யாரோ சொல்ல, தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுபவரைப் பிடித்து எழுதிப் போட்டார்கள். என்ன அதிசயமோ, ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று பதில் வந்துவிட்டது.

அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. கம்பெனி மானேஜர் வெள்ளைக்காரர். எட்டு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் 'சீக்கிரம்' என்ற ஒரு வார்த்தையைத்தான் கற்றிருந்தார். கம்பெனி ஆள் எவனும் நடுவில் நின்று பேசக்கூடாது என்று காக்கா ஒற்றைக்காலில் நின்றார். "நம்ம தெருப் புள்ள ஒண்ணு இருக்குல்லா, டீச்சர், அது வந்து சொல்லட்டும்" என்றாராம். மானேஜர் எங்கள் தலைமைக் கன்னியாஸ்திரீக்குச் சீட்டு அனுப்பினார். அவர் என்னைக் கூப்பிட்டு, "மரியாதையாகப் பேசு, பள்ளிக்கூடத்துப் பேரைக் காப்பாற்று" என்று சொல்லி அனுப்பினார்.

ஆவணி மாதம். பத்து மணிக்கு அதிகாரி வருவதாக ஏற்பாடு. நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். முந்தின நாள் முழுக்க மாமியும் நாலைந்து பெண்களும் கட்டை விளக்குமாற்றை வைத்து மேட்டைப் பெருக்கி, அசிங்கத்தையெல்லாம் மண்வெட்டியால் அள்ளிப் புதைத்துச் சுத்தமாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் நான் தூரத்தில் வரும்போதே காற்றில் வாடை வந்தது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். சங்கைக் கிட்டங்கியில் குவித்து உள்ளே இருக்கிற சதை அழுகும்வரை போட்டு வைப்பார்கள். அழுகிய சதையைக் கழுவி ஊற்றும் நாளில் அந்தத் தெரு வழியே யாரும் போக முடியாது. அந்தச் சதையை வண்டி வண்டியாகக் கொண்டு வந்து கல்லறைகள் மேல் கொட்டியிருந்தார்கள். கறுப்பும் பச்சையுமாக, புழு நெளிய, சிலுவைக் கல்லிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஈ ஒரு போர்வை மாதிரி மூடியிருந்தது.

ஒரு வண்டிக்காரன் இன்னும் அங்கேயே நின்றான். மாமி அவனிடம் கேட்டாள்: "ஏலே, யாருலே இங்கன கொட்டச் சொன்னா?"

"மானேசர் பங்களாவுல சொன்னாவ. இங்கனதான் கொட்டணுமாம். எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆத்தா."

மாமி அவனை வையவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்கையால் அள்ள ஆரம்பித்தாள். நானும் குனிந்தேன். ஒரு கை அள்ளினேன். விரல் இடுக்கில் அது வழுக்கியதும் முழங்கையால் வாயை அழுத்திக்கொண்டு நிமிர்ந்தேன்.

"வாந்தி எடுக்கணும்னா அங்கன தள்ளிப் போயி எடு ஏளா. இங்கன இருக்கது போதும்" என்றாள் மாமி, தலையைத் தூக்காமல்.

இரண்டு மணி நேரம் அள்ளினோம். முக்கால்வாசிதான் போயிற்று. வாடை போகவே இல்லை.

அதிகாரி காரில் வந்தார். பக்கத்தில் மானேஜர். இறங்கும்போதே அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்தார். அதில் என்னவோ செண்ட் தெளித்திருந்தது. அழுகல் வாடையும் அந்தப் பூ வாசனையும் கலந்து அடித்தது இன்னும் மோசமாக இருந்தது. பத்து அடி நடப்பதற்குள் பூட்ஸ் காலால் எதையோ மிதித்துவிட்டார். நாங்கள் சுத்தம் செய்ததற்குப் பிறகும் அன்று விடிகாலையில் யாரோ மறைவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பூட்ஸைக் கல்லறைக் கல்லின் விளிம்பில் தேய்த்துத் துடைத்தார். அது யார் கல் என்று பார்க்கவில்லை. மானேஜர் சிரித்துவிட்டு, "இதுதான் இவர்கள் பொக்கிஷம்" என்றார் இங்கிலீஷில்.

மாமி முன்னால் வந்து நின்றாள். கையெல்லாம் அந்தச் சதை காய்ந்து ஒட்டியிருந்தது. கும்பிடவில்லை, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரு அந்தா, அந்த ரெண்டாவது கல்லு. அந்த மேடையில நின்னுதான் எங்க மாமனாரும் அவுக அப்பாவும் பங்கு வாங்குனாவ. ராணி கழுத்துக்கும் ராசா கழுத்துக்கும் போன முத்து எல்லாம் இங்கன எண்ணுனதுதாம். இத இடிக்காதேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு ஏளா."

நான் சொன்னேன். மாமி சொன்னதை அதிகாரிக்கு நான் ஒழுங்காகத்தான் சொன்னேன். அதிகாரி மேட்டில் ஏறக்கூட இல்லை. கீழே நின்றபடியே மேடையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் பேசினார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இதுதான்: "இது ஏழைகளின் குப்பைமேடு. குப்பைக்கு வயது இருந்தால் அது சரித்திரம் ஆகிவிடாது. இங்கே காப்பாற்ற ஒன்றும் இல்லை, நாற்றம்தான் இருக்கிறது. அப்படித்தான் எழுதப் போகிறேன்."

மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வந்து நின்ற காக்காவும் பார்த்தார்.

"என்ன சொல்லுதாரு?" என்று மாமி கேட்டாள்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவருக்கு என் சங்கடம் புரிந்துவிட்டது. "அந்தப் பொம்பளை அழாமல் இருக்க என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்" என்றார். மாமி அழவில்லை. அழுகிற மாதிரியும் இல்லை. அவர் பார்க்கவே இல்லை.

"எல்லாத்தையும் பார்த்துக்கிட்டாரு மாமி. குறிச்சுக்கிட்டுப் போறாரு. ஆவன செய்வாரு" என்றேன்.

ஆவன செய்வாரு. அந்த வார்த்தை என் வாயில் எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சர்க்கார் கடிதங்களில் வருகிற வார்த்தை. என் சொந்தப் பேச்சில் அதற்கு முன்னால் ஒருமுறைகூட வந்ததில்லை. பயம் ஒரு காரணம். மரியாதையாகப் பேசு என்று சொல்லி அனுப்பியது ஒரு காரணம். அப்படிப்பட்ட பேச்சை அவள் முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. இரக்கம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன்.

காக்கா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மாமி பெருமூச்சு விட்டு, கை கழுவக் கடலுக்கு இறங்கினாள்.

அன்று சாயங்காலம் மானேஜர் பங்களாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு சீமை பிஸ்கட் டின் வந்தது. மூடியில் குதிரை வண்டிப் படம். யுத்தகாலம் முழுக்கக் கண்ணில் படாத சாமான். குசினியில் வைத்து நானும் தங்கைகளும் இரண்டே நாளில் தின்று தீர்த்தோம். ருசியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காக்கா திருநெல்வேலியில் ஒரு வக்கீலைப் பேசி வைத்திருந்தார். அதிகாரியே ஆவன செய்கிறபோது வக்கீல் எதற்கு என்று அதை நிறுத்திவிட்டு, கொழும்புக் கடையைப் பார்க்கப் போய்விட்டார். மாமியும் பெண்களும் சப்-கலெக்டரைப் போய்ப் பார்ப்பதாக இருந்தார்கள். போகவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். நான் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு தெருவே சும்மா இருந்தது. நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். முதல் நாளிலேயே மேடையைப் பெயர்த்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து சிப்பி வண்டி வண்டியாகக் காளவாசலுக்குப் போக ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மாமி பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டுவிட்டாள். வகுப்பை விட்டு இறங்கி வந்தேன். ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது.

"ஆவன செய்வாருன்னு சொன்னியே ஏளா. இது என்னத்தப் பிடிச்ச ஆவன?"

அப்போதுதான் சொன்னேன். குப்பைமேடு என்றதை, நாற்றம் என்றதை, அழாமல் இருக்க என்ன வேண்டுமானாலும் சொல் என்றதை, ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். நாங்கள் அன்று அள்ளினோமே, அதைப் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படிச் சுளிக்கவில்லை.

"அவன் சொன்னத அப்பமே சொல்லியிருந்தியன்னா, அவனுக்கு நான் பதில் சொல்லியிருப்பேம்லா. எனக்கு வாய் இல்லன்னா நெனச்ச?"

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் மூன்று நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லறைகள் மேல் உட்கார்ந்தாள். கம்பெனி ஆட்கள் மேட்டை மட்டும் வெட்டினார்கள். பொம்பளைகள் மேல் கடப்பாரை வைக்க அவர்களுக்கு மனசில்லை. நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு ஊரெல்லாம் பளிச்சென்று வெள்ளையடித்திருந்தது. சிப்பிச் சுண்ணாம்பு மலிவாகக் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கும் அப்பா வாங்கி வந்தார். தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் கொதித்துப் பொங்கியது. "எங்கேயிருந்து வந்தது தெரியுமா அப்பா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? நாம வாங்கலன்னா வேற எவனாச்சும் வாங்கத்தான் போறான்" என்றார். மட்டையை நனைத்து அடிக்க ஆரம்பித்தார். மேட்டுக்காகக் கண் கலங்குகிற அந்தப் பெரிய மனுஷர் வீடுதான் தெருவிலேயே அதிக வெள்ளை. சுவரில் சாய்ந்தால் சேலையில் ஒட்டும் அந்த வெள்ளை. அந்தப் பண்டிகை முழுக்க நான் சுவரில் சாயவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குள்தான் தூங்கினேன், சாப்பிட்டேன்.

பண்டிகை முடிந்ததும் காக்காவுக்குக் கொழும்புக்கு எழுதினேன். நடந்ததையெல்லாம் எழுதி, பொய் சொன்னது நான்தான் என்றும் எழுதினேன். அவர் அடுத்த கப்பலில் வந்தார். என்னைக் கண்டிக்கவில்லை. "அதிகாரி பேசுனத அப்படியே இங்கிலீஷ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியாம்மா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். வக்கீல் அதைச் சேர்த்துப் புது மனு போட்டார்.

தலைமைக் கன்னியாஸ்திரீக்குத் தெரிந்துவிட்டது. "பெரிய இடத்து விஷயத்தில் தலையிடுகிறாய்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், ஆனால் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவில்லை.

தை மாதம் சப்-கலெக்டர் விசாரித்தார். இளவயது வெள்ளைக்காரர். கச்சேரியில் மொழிபெயர்க்க அவருக்குச் சொந்த ஆள் இருந்தான். மாமி எழுந்து, "அவன் வேண்டாம். இந்த டீச்சர் சொல்லட்டும். போன தடவ அவதான் சொன்னா, இந்தத் தடவையும் அவளே சொல்லட்டும்" என்றாள். அவள் என்னை டீச்சர் என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. பிறகு கடைசிவரை டீச்சர்தான், ஏளா இல்லை.

மானேஜர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி எழுதிய அறிக்கையைப் படித்தார்கள். ஏழைகள் குவித்த குப்பை, சுகாதாரக் கேடு என்று அதில் இருந்தது. நான் அதை வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. மாமி முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசினாள்.

"என் வீட்டுக்காரருக்குக் காலரா வந்தப்போ, ஒடம்ப ஊருக்குள்ள கொண்டு வரப்படாதுன்னு சொன்னது சர்க்காரு. இங்கனயே பொதைன்னு எடங்காட்டுனதும் சர்க்காரு. போலீசு டாணாக்காரரு வந்து கோடு கிழிச்சுக் குடுத்தாரு, இதுக்கு வெளிய பொதைக்கப்படாதுன்னு. நாங்க கேக்கல, அவுகளாக் குடுத்தாவ. இப்பம் அதே சர்க்காரு வந்து குப்பைங்குது. எந்தச் சர்க்காரு பேச்ச நான் கேக்கணும்னு தொரைக்கிட்டக் கேளு. நாத்தம்னு எழுதுனாருல்லா, அந்த நாத்தத்த அன்னைக்கு விடியக்காலையில வண்டியில கொண்டாந்து கொட்டுனது யாருன்னு அந்தா ஒக்காந்திருக்காருல்லா, அவருகிட்டயும் கேளு."

ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, மெருகும் போடவில்லை. மானேஜர் கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

சப்-கலெக்டர் பழைய முத்துக்குளிப்புக் காகிதங்களைத் தேடி எடுக்கச் சொன்னார். பத்து நாளில் ஒரு நிலப்படம் அகப்பட்டது. கிழக்குச் சரிவில் கட்டம் போட்டு, இடுகாடு என்று சர்க்கார் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அந்தக் கட்டத்துக்குள் கம்பெனி கை வைக்கக் கூடாது என்று உத்தரவு ஆயிற்று. மேட்டைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. உத்தரவு வந்தபோது மேடும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. எங்கள் தெருப் பிரமுகர்கள் கூட்டம் போட்டார்கள். சப்-கலெக்டருக்கு மாலை, வக்கீலுக்கு மாலை. பெருந்தன்மையோடு கல்லறைகளை விட்டுக்கொடுத்தாராம், அதற்காக மானேஜருக்கும் ஒரு மாலை. கல் பெயர்த்த பெரிய மனுஷர்தான் வரவேற்றுப் பேசினார். முத்துக் கடலின் பெருமையைக் காத்தோம் என்றார். மாமியை யாரும் கூப்பிடவில்லை. அவள் அன்றைக்கு ஏரல் சந்தையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது என்னை வேம்பாருக்கு மாற்றியிருந்தார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை.

சுதந்திரம் வந்த வருஷத்துக் கல்லறைத் திருநாளுக்கு பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். மாமியோடு போனேன். அவள் கூப்பிடவில்லை, நானாகப் பின்னால் போனேன். கட்டத்தைச் சுற்றி மூன்று பக்கமும் நிலக்கரி மலை மாதிரி குவிந்திருந்தது. வாசலில் கம்பெனிக் காவல்காரன் பேரை எழுதச் சொன்னான். மாமிக்கு எழுதத் தெரியாது, கை நாட்டு வைத்தாள். கரிக்குப் பக்கத்தில் தீ கூடாது என்று மெழுகுவர்த்தியை வாங்கி வைத்துக்கொண்டான்.

உள்ளே கல்லெல்லாம் கறுத்துக் கிடந்தது. எது சிலுவை, எது சும்மா கல் என்று தெரியவில்லை. மாமி கொண்டு வந்த செம்புத் தண்ணீரை ஊற்றி முந்தானையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத் தண்ணீர் வழிந்து எங்கள் காலடியில் தேங்கியது. நான் பக்கத்துக் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தேன். அது ஒரு கபர்.

"அது காக்காவோட பாட்டனாருது. அவரு கொழும்புல இருக்காரு, வர முடியல. நல்லாத் தேச்சு விடும், டீச்சர்" என்றாள் மாமி.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பி, கரித்தூள் மறுபடியும் வந்து படிந்தது. மாமி காறித் துப்பினாள். எச்சில் கறுப்பாக விழுந்தது. செம்பை என்னிடம் நீட்டி, "இன்னொரு செம்பு தண்ணி கொண்டாரும்" என்றாள். நான் குழாயைத் தேடிக்கொண்டு கரிக் குவியலைச் சுற்றி நடந்தேன்.